மஞ்சள் பூசிய குழாய்

எடமலைப்பட்டி புதூரில் போர்வெல் லாரி வைத்திருக்கும் ரெங்கராஜ், மஞ்சள் குங்குமம் வைக்காமல் எந்த மண்ணிலும் மெஷினை இறக்கியதே இல்லை. அவர் பெத்த பெண் வேறு எப்படி இருப்பாள்? மகள் வேணி நிலவியல் படித்து, அண்டார்டிகா கடலுக்குப் போகும் ஆய்வுக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது, பெட்டியில் ஸ்வெட்டருக்கு நடுவே மஞ்சள்தூள் பொட்டலமும் ஏறிக்கொண்டது.

கடலடிச் சேற்றை நீளக் குழாயில், அடுக்கு கலையாமல் எடுப்பதுதான் அங்கே வேலை. பனிப்பாறைகள் ஒரு காலத்தில் எதுவரை வந்தன, எப்போது பின்வாங்கின என்பதை அந்த அடுக்குகள்தான் சொல்லும். ஆனால் இறக்கிய குழாயெல்லாம் காலியாகவே மேலே வந்தது. பனிக்கட்டிகள் நெருங்குகின்றன, இன்னும் ஒரே தடவைதான் என்று கேப்டன் கறாராகச் சொல்லிவிட்டார். வந்த பயணமே வீணாகிவிடுமோ என்று வேணி பயந்தாள். யாரும் பார்க்காதபோது மஞ்சளைக் குழைத்துக் குழாயின் வாயைச் சுற்றி அப்பிவிட்டாள். வளர்ந்த வளர்ப்பு அப்படி, என்ன செய்வது!

குழாய் நிறையச் சேறு வந்தது. கப்பலே கைதட்டியது. பிளந்து பார்த்தால், மேல்பகுதி மட்டும் பளிச்சென்று மஞ்சள். தலைமை விஞ்ஞானி பிரேமலதா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இப்படி ஒரு பாசியை நான் பார்த்ததே இல்லையே!"

வாயை மூடிக்கொண்டால் வேலை போகாது. ஆனால் கடல் சொல்லும் கதையில் ஒரு பொய் ஏறிவிடும். அந்தக் குளிரிலும் வேணிக்கு வியர்த்தது.

"மேடம், அது பாசி இல்லைங்க. மஞ்சத்தூள். நான்தான் பூஜை போட்டேன்."

பிரேமலதா கீழ்ச்சேற்றைச் சோதித்துப் பார்த்த பிறகே நிமிர்ந்தார்.

"முதல்ல நுழைஞ்ச மேல்சேறே மஞ்சளை எல்லாம் துடைச்சுக்கிச்சு. நமக்கு வேண்டிய பழைய சேறு சுத்தமா இருக்கு. நல்லவேளை, சொன்னே. அடுத்த பயணத்துல கயிறு சுத்துற மெஷினுக்குப் பொட்டு வை. குழாயைத் தொட்டே, கொன்னுடுவேன்."

வெட்டி எறியவிருந்த மஞ்சள் சேற்றில் கொஞ்சம், ஒரு டப்பாவில் வேணியோடு ஊர் வந்தது. கதையைக் கேட்ட ரெங்கராஜ் முதலில் தலையில் கைவைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்.

"எனக்கு வெறும் சேறு வந்தா வீட்டுக்காரங்க சண்டைக்கு வராங்க. உனக்குக் கைதட்டுறாங்களா!"

மறுநாள் கே.கே. நகரில் புது போர்வெல். மெஷினுக்கு மஞ்சள் வைத்தவர், டப்பாவைத் திறந்து அந்தச் சேற்றைத் தொட்டு மெஷினுக்கே இன்னொரு பொட்டு வைத்தார்.

"அப்பா, அது வீணாப்போன சேறுப்பா!"

"யாரும்மா சொன்னது? என் பொண்ணு பயந்துக்கிட்டே உண்மையைச் சொல்லிக் கொண்டாந்த சேறு. மஞ்சளைவிட இதுக்குத்தான் சக்தி" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினை ஓட்டச் சொன்னார்.