வாசிக்காமல் விட்ட தள்ளுபடி

சென்னையிலிருந்து வந்த ரயில் புது தில்லி நிலையத்தில் நின்றபோது காலை ஏழு மணி. டிசம்பர் பனியில் நடைமேடையின் மறுமுனை தெரியவில்லை. கிட்வாய் நகர் அங்கிருந்து சுமார் ஒன்பது கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டு இருநூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டார். “மகளைப் பார்க்கவா?” என்று இந்தியில் விசாரித்தார். தலையாட்டினேன். அவள்மேல் நடக்கும் விசாரணைக்கு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

என் மகள் கவிதா அரசுத் திட்டம் ஒன்றில் கொள்முதல் அலுவலர். மலைக்கிராமங்களுக்குக் குடிநீர்க் குழாய் வாங்க வேண்டும். பணம் வெளிநாட்டு உதவி. டெண்டர் உறைகளைத் திறந்து, வந்திருந்தவர்கள் முன் விலைகளை வாசித்தவள் அவள்தான். ஒரு நிறுவனம் விலையைக் குறைத்துத் தருவதாக உறைக்குள் வைத்திருந்த தள்ளுபடிக் கடிதத்தை மட்டும் வாசிக்கவில்லை. அந்த நிறுவனத்தின் ஆள் அன்று வரவில்லை. கூட்டக் குறிப்பைப் பார்த்த பிறகு புகார் கொடுத்துவிட்டார்கள். வேண்டுமென்றே மறைத்தாள் என்று முடிவானால் வேலை போய்விடும்.

“கடிதம்தான் இருக்கே, இப்பச் சேத்துக்கிட்டா என்னடி?” என்றேன், அவள் வீட்டில் இட்லியை அவள் தட்டில் வைத்தபடி.

“முடியாதும்மா. எல்லார் முன்னாடியும் வாசிச்சதுதான் செல்லும். உதவி குடுக்கறவங்க விதி அப்படி. நம்ம ஊர்ல மொய்ய மைக்குல வாசிக்கிறாங்கல்ல? பேர் விட்டுப்போனா பெரியப்பா என்ன குதி குதிப்பாரு!”

“மைக்கையே பிடுங்கிருவாரு.”

சிரித்தாள். இட்லி அப்படியே இருந்தது.

பதினொரு மணிக்கு லோதி சாலைப் பக்கத்து அலுவலகம். ஆட்டோவுக்குத் தொண்ணூறு ரூபாய். தாழ்வார பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவளுடைய மேலதிகாரி மூர்த்தி என் பக்கம் குனிந்து, “நீங்களாவது இவகிட்ட சொல்லுங்க மேடம். வாசிச்சேன், சத்தத்துல யாருக்கும் கேக்கலைன்னு சொன்னாப் போறும். ஜல்தி முடிஞ்சுடும்” என்றார்.

“அப்ப அங்க இருந்தவங்க எல்லாரும் செவிடா சார்?” என்றாள் கவிதா.

அவர் போன பின் கேட்டேன். “ஏன்டி விட்ட? நீ அப்படிப்பட்டவ இல்லையே.”

தரையைப் பார்த்தாள். “நீ போன் பண்ணினம்மா.”

டெண்டர் திறந்த அன்றுதான் அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தேனியில் மருத்துவமனை வாசலில் நின்று முதலில் அவளைத்தான் அழைத்தேன். அவர் பிழைத்துக்கொண்டார். மேஜைமேல் இருந்த போனில் என் பெயர் மின்னிய நேரத்தில் அவள் அந்தக் கடிதத்தையும் முந்தைய தாளோடு சேர்த்துப் புரட்டியிருக்கிறாள். இத்தனை நாளும் என்னிடம் சொல்லவில்லை.

“உள்ள போய் இதச் சொல்லு.”

“சொல்றேன். என்மேல வேணா இரக்கப்படுவாங்க. தள்ளுபடி செல்லாதும்மா.”

அவள் சொன்னபடியே ஆயிற்று. நான் ஊருக்குக் கிளம்பும் முன் முடிவு வந்தது. உள்நோக்கம் இல்லை, எழுத்துமூலம் கண்டிப்பு மட்டும். வேலை தப்பியது. தள்ளுபடி சேராததால் ஆர்டர் இன்னொரு நிறுவனத்துக்குப் போனது; தள்ளுபடி போக வந்திருக்கும் விலையைவிட அவர்கள் விலை அதிகம். “அதே பணத்துக்கு இனி குழாய் கம்மியாத்தான் வரும்” என்றாள் ரயில் ஜன்னலருகே நின்று. “பட்டியல்ல கடைசியில இருக்கற கிராமத்துக்குக் குழாய் போகாது. அது எதுன்னு எனக்குத் தெரியும்மா.”

ஊர் திரும்பிய வாரத்தில் ஒரு கல்யாணம். மொய் எழுதினேன். என் பெயரை வாசிக்க வாயெடுத்தபோது மைக் பிடித்திருந்தவரின் போன் அடித்தது. பதறி அதை அணைக்கப் போனார்.

“பேசிட்டு வாங்கண்ணே. அப்புறமா வாசிங்க, நான் நிக்கிறேன்” என்றேன்.