ஊற்றுக்கு மேலே கடற்காகங்கள்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை நான் மறைப்பதில்லை. கடைக்காரர் சிரித்துப் பேசினால் தராசைப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நான், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே, காடு மண்டிப்போன தேயிலை மலையில் கடற்காகங்கள் வட்டமடிப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பேனா? கொழும்பில் வீட்டுவேலை செய்த நாளில் காலிமுகத்திடல் கடற்கரையில் பார்த்த அதே வெள்ளைப் பறவைகள். கடலில் பிழைக்க வேண்டியவற்றுக்கு ஹட்டன் மலைப் பக்கம் என்ன வேலை?

"கடல் பொங்கப் போகுது, அதான் மேல ஏறி வந்திருக்குதுங்க" என்றார் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா. நான் நம்பவில்லை. ஆனால் அந்த மலையில்தான் எங்கள் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைத்தான் லயமே குடிக்கிறது. என் கைக்குழந்தைக்கோ வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பறவை எச்சமா? தோட்டத்து ஆட்கள் மேலே மருந்தடிக்கிறார்களா? மேல் லயத்துக்காரர்களையும் நான் விட்டுவைக்கவில்லை. என் கணவரிடம் சொன்னால், "நீ சாமியையே சந்தேகப்படுவ" என்று எழுந்து போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்களைக் கிளப்பினேன். பன்றி விரட்டப் போவதைப் போல ஆளுக்கொரு தகரத்துடன் ஏறினோம். தப்படிக்கும் மாமாவும் வந்தார். "சாவுக்கு அடிச்சிருக்கேன், திருவிழாவுக்கு அடிச்சிருக்கேன், காக்காய்க்கு இன்னைக்கித்தான் அடிக்கிறேன்" என்று முனகிக்கொண்டே அடித்தார்.

பறவைகள் எழும்பின. அவை இருந்த இடத்தில் கோழிக்குடல், இறகு, கிழிந்த பைகள். டவுன் கோழிக்கடைக் கழிவு முழுவதும் ஊற்றுக்கு நேர் மேலே குவிந்து கிடந்தது. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டும்போதே டிராக்டர் ஒன்று இரைந்தபடி ஏறி வந்தது.

"விடாதீங்க, மறிச்சு நில்லுங்க!" என்று கத்தியவள் நான்தான்.

ஓட்டி வந்தவர் என் கணவர். டவுன் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வேலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். தினமும் ஆற்றில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அந்தச் சுத்தத்தை நான் எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

"புள்ளைக்கு வயிறு போறது தெரிஞ்சுமா கொட்டுனீங்க?"

"ஊத்துக்குத் தள்ளித்தான் கொட்டுறேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெண்கள் அவரைப் பிடித்து உலுக்குவார்கள் என்று திரும்பினேன். அவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. நான் கடைக்காரரின் தராசைப் பார்ப்பதைப் போல, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஒனக்கு நெசமாவே தெரியாதா புள்ள?"