இடது சக்கரத்தில் ஒரு 'டக்'

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கார் வாங்கியவள் நான். அப்பாவும் அம்மாவும் செக்கானூரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களை பறித்துப் பிழைத்தவர்கள். நான் படித்துக் கணக்கு டீச்சராகி, வண்டியூரில் குடிவந்து, போன வருஷம் ஒரு எலக்ட்ரிக் கார் எடுத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு வண்டி, அவ்வளவுதான் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளுக்குள் அது அவ்வளவுதான் இல்லை. தெருவில் சத்தமே இல்லாமல் வந்து நிற்கும்போது அம்மா வாசலுக்கு வந்து பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகவே இன்னொரு சுற்று சுற்றி வரலாம் போலிருக்கும்.

சத்தமில்லாத அந்த வண்டியில்தான் ஒருநாள் 'டக்' என்று கேட்டது.

கோரிப்பாளையம் சிக்னலில் நின்று கிளம்பும்போது காலடியில் எங்கோ ஒரே ஒரு தட்டு. சுத்தியலை மெதுவாக இரும்பில் வைத்த மாதிரி. அடுத்த சிக்னலிலும் கேட்டது. வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து முன்னால் நகர்த்தும்போதும் கேட்டது.

சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த இளம் என்ஜினியர் ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு ரவுண்டு ஓட்டினார். "இன்ஜின் சத்தம் இல்லாத வண்டில்ல மேடம், அதான் சின்னச் சத்தமும் பெருசாக் கேக்குது" என்றார். அதில் உண்மை இருந்தது. ஆனாலும் 'டக்' போகவில்லை. இரண்டாவது முறை போனபோது டிக்கியில் ஜாக்கி ஆடுவதைக் கண்டுபிடித்து இறுக்கிக் கட்டிவிட்டார். திரும்பி வரும் வழியில், மாட்டுத்தாவணி தாண்டுவதற்குள் மறுபடி 'டக்'.

என் கணவரின் அண்ணன் அதற்குள் சேதி தெரிந்து வந்துவிட்டார். "பெட்ரோல் வண்டி எடுத்திருந்தா இந்தத் தொல்லை உண்டா? பொம்பளப் பிள்ள ஆசைப்பட்டா நீயாச்சும் சொல்லக் கூடாதா?" என்று என் கணவரிடம் கேட்டார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இந்தச் சத்தத்தை நானே கண்டுபிடிப்பது என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரிங் ரோட்டுக்குப் போனோம். கணவர் பின்சீட்டில். தண்ணீர் பாட்டில், குடை, சில்லறை என்று உருளக்கூடியதையெல்லாம் வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டேன். ஏசி, பாட்டு எல்லாம் நிறுத்தம். முதலில் வேகத்தடைகளில் ஏற்றி இறக்கினேன். எதுவும் இல்லை. வளைவுகளில் திருப்பினேன். அப்போதும் இல்லை.

"வண்டிக்கு வெக்கம் போல. ஆளப் பாத்தா பேச மாட்டேங்குது" என்றார் கணவர்.

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். டக். மறுபடி மிதித்தேன். டக்.

"ஏங்க, எந்தப் பக்கம்?"

"வலது."

"எனக்கு இடதுபக்கமாக் கேட்டுச்சே."

"சரி, நடுவுல வச்சுக்க."

இந்த வண்டியில் காலை எடுத்தால் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும்; அந்த விசை பேட்டரிக்குக் கரண்டாகத் திரும்பும். அதைத் திரையில் அணைத்து வைக்கலாம். அணைத்துவிட்டுக் காலை எடுத்துப் பார்த்தேன். வண்டி சும்மா உருண்டது. சத்தமில்லை. மறுபடி போட்டேன். காலை எடுத்ததும் டக்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. கரும்பலகையில் ஒரு கணக்கு பிடிபடும்போது வருமே, அதே சிலிர்ப்பு. ஏதோ ஒன்று கழன்று ஆடவில்லை. மோட்டார் சக்கரத்தைத் தள்ளுவதும் பிடிப்பதும் மாறுகிற அந்த ஒரு நொடியில்தான் சத்தம் வருகிறது. அப்படியென்றால் அது மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

வண்டியை ஓரமாக ஒரு காலி இடத்தில் நிறுத்தினேன். கணவர் இறங்கி, பக்கவாட்டில் தள்ளி நின்று, சத்தத்தைப் பதிவு செய்யப் போனை நீட்டினார். நான் முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்தினேன். வலது பக்கம் பதிவில் ஒன்றுமில்லை. இடது முன்சக்கரத்தில் சத்தம் தெளிவாக விழுந்திருந்தது.

"நீ சொன்னதுதான் சரி" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு நினைவில்லை.

மறுநாள் அதே என்ஜினியரைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினேன். அணைத்து ஒரு முறை, போட்டு ஒரு முறை. அவர் கண்ணாடியை இறக்கி, சக்கரத்தின் பக்கம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "இம்புட்டு தூரம் பிரிச்சுப் பாத்துட்டீங்களா மேடம்? திருப்புங்க, லிப்ட்ல ஏத்திருவோம்" என்றார்.

சக்கரத்தைக் கழற்றினார்கள். மோட்டாரிலிருந்து வரும் தண்டு சக்கரத்தின் நடுவே செருகியிருக்கும் இடத்தில், பல்பல்லான வரிகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்து கிடந்தன. விசை மாறும்போதெல்லாம் அந்தப் பற்கள்தான் இடித்துக்கொண்டிருந்தன. துடைத்து, கிரீஸ் தடவி, புது நட்டுப் போட்டு, அளவு பார்த்து முறுக்கினார்கள். ஓட்டிப் பார்த்தோம். மிதித்தேன், விட்டேன், ரிவர்ஸ் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

சில வாரம் கழித்து அந்த என்ஜினியர் போன் செய்தார். "மேடம், இன்னொரு வண்டி இதே சத்தத்தோட வந்துச்சு. நீங்க காட்டுன மாதிரியே செஞ்சு பாத்தோம், உடனே பிடிச்சாச்சு. இப்ப எங்க ஆளுக எல்லாருக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்." நான் ஸ்டாஃப் ரூமில் நின்றிருந்தேன். போனை வைத்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்திலிருந்த டீச்சர் என்ன விசேஷம் என்று கேட்டதும், மணி அடிக்கும் வரை முழுக்கதையையும் சொல்லித் தீர்த்தேன்.

மழைக்காலத்தில் ஏசிக்குள் 'சரசர' என்று ஒன்று ஆரம்பித்தது. அதற்கு நான் எங்கும் போகவில்லை. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, ஃபில்டரை உருவி, உள்ளே விரலைவிட்டேன். காய்ந்த வேப்பிலைக் கொத்து ஒன்று கையோடு வந்தது.

அம்மா திண்டுக்கல்லில் இருக்கும் சித்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எம்மகதான் எல்லாத்தையும் கழட்டி மாட்டுறா. காருக்கு என்னா நோவுன்னு காத வச்சே சொல்லிருவா" என்றாள்.

அம்புட்டையும் நான் கழட்டி மாட்டவில்லைதான். ஆனால் நான் திருத்தவில்லை. கையிலிருந்த வேப்பிலையைத் துடைப்பத்தோரம் போட்டுவிட்டு, அவள் இன்னும் என்னவெல்லாம் சொல்கிறாள் என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.