சுவாமியார் விட்டுப்போன குடை

சங்கடமான கேள்வி வந்தால் ஏசுபாதம் குடையை விரித்துவிடுவார். அதற்கு வெயிலோ மழையோ வேண்டியதில்லை. போன வாரம் என் வீட்டுக் கூடத்திலேயே விரித்தார். கறுப்புக் குடை, வளைந்த பிரம்புப் பிடி. அதற்குள்ளிருந்து வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "காய்ச்சலுதான் ஐயா. வேற ஒண்ணும் இல்ல."

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் கோயிலுக்கு அவர் உபதேசியார். ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார், மணி அடிப்பார், சாவு வீட்டுக்குச் சிலுவை தூக்குவார். சொல்லாமல் கொள்ளாமல் மாற்றலாகும் சுவாமியார்களுக்குக் காரணம் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. காலில் இருக்கும் பூட்ஸ் ஒரு சுவாமியார் விட்டுப்போனது. அளவு பெரிது, முனையில் துணி அடைத்திருக்கிறார். அந்தச் சுவாமியாருக்கு வயிற்றுக் கோளாறு. கோட்டு இன்னொருவருடையது; அவருக்கு மலைக்காற்று தேவைப்பட்டது. குடை கடைசியாகப் போனவருடையது.

குடைக்காரரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பிழைக்க வந்த ஊர். நான் குடியிருக்கும் வீடும் சுவாமியார்களின் சபையுடையது.

பீடத்துணிகளையும் அங்கிகளையும் தேய்த்துக்கொடுக்கச் சுவாமியார் பங்களாவுக்குப் போய்வந்தவள் பாக்கியவதி. கணவனைச் சுரங்கத்துக்குக் கொடுத்தவள். ஒருநாள் அந்தச் சுவாமியார் துணி அறைக் கதவைத் தாழிட்டு அவள்மேல் கைவைத்தார். அவள் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது, தப்பினாள். மறுநாள் சுவாமியாரின் மணிக்கட்டில் கட்டு. லாந்தர் சுட்டுவிட்டதாகக் கோயிலில் அறிவித்தார்கள். சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த சூட்டில் பங்களாவுக்கும் விளக்கு வந்துவிட்டதே, லாந்தர் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பாக்கியவதி சும்மா இருக்கவில்லை, புகார் சொன்னாள். பெங்களூரிலிருந்து சபையின் பெரிய சுவாமியாரே வந்தார். சபை எதையும் அலட்சியம் செய்வதில்லை. தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு மிகுந்த கருணையோடு விசாரித்தார். ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறாளா? பாவசங்கீர்த்தனம் செய்து எவ்வளவு காலமாயிற்று? எதிர்க்கோயில் புரொட்டஸ்டண்ட் பதிதர் யாராவது தூண்டிவிட்டார்களா? கதவைப் பற்றிக் கேட்பதற்குள் ரயிலுக்கு நாழியாகிவிட்டது. போகும்போது அவளுக்கு ஒரு ஜெபமாலை கொடுத்தார். அவள் பெயர் கெடாமலிருக்க அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சுவாமியாரின் பெயர் கெடாமலிருக்க அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் குணமடைய நவநாள் ஜெபம் வைத்தார்கள். பாக்கியவதியும் தவறாமல் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள்.

ஜெபத்தை உரக்கச் சொன்னவர் ஏசுபாதம். அவரைப் பொய்யர் என்று சொல்லமாட்டேன். சொல்லச் சொன்னதை நம்பவும் செய்வார். நம்புவது அவர் வேலையில் சேர்ந்தது.

பாக்கியவதி இப்போது தங்கக்கல் அரைக்கும் மில்லில் கூடை சுமக்கிறாள். ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் உபதேசியாரைக் கண்டால் விடமாட்டாள்.

"இன்னா உபதேசியாரே, சாமியாருக்குக் காய்ச்சல் எறங்கிச்சா?"

"தேவ கிருபையால எறங்கிச்சும்மா. மலை மேல கன்னியாஸ்திரிங்க மடத்துல பூசை வைக்கிறாராம்."

"நல்லதாப் போச்சு. அங்க இஸ்திரி போடறது யாரு?"

குடை விரிந்தது.

"மடக்குங்க உபதேசியாரே, மழ வந்தா நாங்க சொல்றோம்!" என்றாள் கீரை விற்கும் வெங்கடம்மா. சந்தையே சிரித்தது. அவர் வீடு போய்ச் சேரும்வரை அதை மடக்கவில்லை.

போன மாதம் புதிய சுவாமியார் வந்தார். அழுக்குத் துணி சேர்ந்துகிடந்தது. ஏசுபாதத்தின் மகள் ஜூடித் நன்றாகத் தேய்ப்பாள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தையில் கல்யாணம் ஆகவேண்டிய பெண். அவளைப் பங்களாவுக்கு அனுப்பும்படி சுவாமியார் கேட்டார். புதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஊரெல்லாம் அப்படிச் சொல்லிவந்தவரே ஏசுபாதம்தான். ஆனால் அன்று அவர் வாயில் வந்தது வேறு.

"பொண்ணுக்குக் காய்ச்சல், சாமி."

சுவாமியார் இரக்கமுள்ளவர். ஞாயிறு பூசையில் ஜூடித்துக்காக எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னார். அவருக்கு இன்னும் முகங்கள் பழகவில்லை. பெண்கள் பக்கத்தில் முக்காடிட்டு, கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்த ஜூடித்தும் ஜூடித்துக்காக ஜெபித்தாள்.

துணிகளை ஏசுபாதமே தேய்த்தார். பழக்கமில்லாத கை. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் பீடத்தில் துணி விரித்துக்கொண்டிருந்தார். நடுவில் இஸ்திரிப் பெட்டியின் முனை பழுப்பாகப் பதிந்திருந்தது. ஜெபம் சொல்ல வந்த பாக்கியவதி பீடத்துக் கிராதியருகே நின்று அதையே பார்த்தாள். சந்தையில் இருக்கும் குரல் அவளிடம் இல்லை.

"தண்ணி தெளிச்சுத் தேய்க்கணும்," என்றாள். பிறகு, "பூட்ஸ் குடுத்தவரையும் பாத்தீங்க, கோட்டு குடுத்தவரையும் பாத்தீங்க. என்னிய பங்களாவுக்குக் கூப்ட்ட அன்னிக்கே எனக்கும் ஒரு காய்ச்சலுன்னு சொல்லியிருக்கலாமே, உபதேசியாரே."

ஏசுபாதத்தின் கை பக்கவாட்டில் குடையைத் தேடியது. குடை கோயில் வாசலில் சாத்தியிருந்தது. சற்று நேரம் அந்தரத்தில் நின்ற கை, மெல்ல நீண்டு, பித்தளை மெழுகுவர்த்தித் தண்டை நகர்த்தி, துணி கருகிய இடத்தின்மேல் வைத்தது.