போட்டோவுக்கு வெள்ளையடித்த கம்பைலர்

எங்கள் டீம் லீடர் மேடத்தின் மேஜையில் சில வாரங்கள் ஓர் உடைந்த டை கிடந்தது. தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சை ஓசூரில் டை என்றுதான் சொல்வோம். விளிம்பில் விரிசல், உடம்பெல்லாம் கிரீஸ். எங்கள் ஏசி அறைக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. குருபரப்பள்ளிப் பக்கத்துப் பிரஸ் ஷாப்பிலிருந்து வந்தது. அங்கே பிரஸ் மெஷினை இயக்கும் கன்ட்ரோலர் எங்கள் கம்பெனியுடையது. “ஆபரேட்டர் தப்புதான். இருந்தாலும் உங்க கன்ட்ரோலரையும் ஒரு தடவை பாத்துருங்க” என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

டை மாறும்போது, பிரஸ் எதுவரை இறங்கலாம் என்று அதற்கான உயரத்தை மெஷினில் போட வேண்டும். அந்த ஆபரேட்டர் முதலில் போட்டேன் என்றார். மெஷினின் நினைவிலோ பழைய உயரமே இருந்தது. மெஷின் பொய் சொல்லாது என்பது எங்கள் வட்டாரத்தின் தெய்வ நம்பிக்கை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேடம் பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு, கஸ்டமரிடம் கன்னடம், கோபம் வந்தால் தமிழ். மெஷினுக்கான கட்டளைகளை மொழிபெயர்த்துத் தரும் கம்பைலரில் பாதி அவர் எழுதியது. அந்த ஷாப்பில் ஆர்டர் சிறியது என்பதால் இடது பாகத்தையும் வலது பாகத்தையும் ஒரே பிரஸ்ஸில் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதற்காக, மெஷினைத் தயார்செய்து கொடுக்கும் அவர்களுடைய செட்டர் புரோகிராமில் இரண்டு வரிகளை ஒன்றாக்கி, ‘இடது டையோ வலது டையோ, எது ஓடுகிறதோ அதற்கு இந்த உயரம்’ என்று புதிதாக எழுதியிருந்தார். வேறு எந்த ஷாப்பிலும் அப்படி எழுத வேண்டிய தேவை வந்ததில்லை. அந்த வரியை முதலில் ஓட்டியவர் இந்த ஆபரேட்டர்.

புரோகிராமில் எழுதும் ஒரு தொடர் சில நேரம் மதிப்பை வைக்கும் ஓர் இடத்தைக் குறிக்கும், சில நேரம் அங்கிருக்கும் வெறும் மதிப்பை மட்டும் தரும். ‘இதுவோ அதுவோ’ என்று வந்ததும் எங்கள் கம்பைலர் அதை வெறும் மதிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு நகல் செய்து, புதிய உயரத்தை அந்த நகலில் எழுதி, நகலைத் தூக்கி எறிந்துவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் வீட்டின் போட்டோவுக்கு அடித்த கதை. இரண்டு பக்கமும் இடமாக இருந்தால் விடையும் இடமாகவே இருக்க வேண்டும். மேடம் திருத்தியது சில வரிகள்தான், மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது.

“அடுத்த வெர்ஷன்ல சத்தமில்லாம அனுப்பிருங்க. வேலில போற ஓணானை எதுக்கு வேட்டிக்குள்ள விட்டுக்கணும்?” என்றார் மேனேஜர்.

“நான் வேட்டி கட்டறதில்லீங்க சார். அந்தாளுக்கு வேலை போயிருக்குது” என்றார் மேடம். அன்றே பிரஸ் ஷாப்புக்குப் போன் செய்து, தப்பு எங்களுடையது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று விட்டுவிட அவரால் முடியவில்லை. எனக்கு அப்போது அது வீண் வம்பாகத்தான் பட்டது.

ஆபரேட்டரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு அவருடைய ஊரான பாரூருக்குப் போனார். ஆபரேட்டர் வாய்க்கால் ஓரம் லாரிக்குக் கரும்புக் கட்டு ஏற்றிக்கொண்டிருந்தார். மேடம் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

“அப்ப நான் போட்டிருந்தேனுங்களா?”

“போட்டிருந்தீங்க. எங்க சாஃப்ட்வேர்தான் அத விட்டுருச்சு.”

“நான்தான் மறந்துட்டேன்னு எல்லார்கிட்டயும் ஒத்துக்கிட்டனே மேடம். மொதல்ல சும்மா, பேச்ச முடிக்கத்தான் ஒத்துக்கிட்டேன். அப்பறம் நெசமாவே மறந்துட்டாப்லதான் இருந்துது.”

வம்பு என்று நினைத்ததை அந்த லாரியின் நிழலில் கைவிட்டேன்.

ஷாப்பில் அவரை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். எங்கள் ஆபீஸில் மேடத்தைக் கம்பைலர் வேலையிலிருந்து மாற்றிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அவர் பார்த்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன். அவர் திருத்திய வரிகளை இன்றுவரை யாரும் தொட வேண்டி வரவில்லை.

போன மாதம் வேறு வேலையாக அந்த ஷாப்புக்குப் போயிருந்தேன். ஆபரேட்டர் உயரத்தைப் போட்டார். திரையில் சரியான எண் வந்தது. ஆனாலும் பட்டனை அழுத்தாமல் பக்கத்து மெஷின்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாருப்பா. நான் போட்டுட்டேன்ல?”