மெஷின் சொன்ன வீட்டு நேரம்

எங்கள் சிமெண்ட் ஆலை ஆபீசின் யூனிக்ஸ் கம்ப்யூட்டர் மெஷினுக்குப் புது வெர்ஷன் போட்டிருக்கிறோம். பழைய ஷட்டவுன் கட்டளை கமுக்கமாக மெஷினை நிறுத்திவிடும். புதியதோ, நிறுத்துமுன் அதில் வேலை செய்யும் எல்லோர் திரையிலும் அறிவிக்கிறது: "மெஷின் நிற்கப்போகிறது. வேலையை முடித்துக்கொள்ளுங்கள்."

இன்று மூன்று மணிக்கு ஒரு சின்னப் பழுதுக்காக நிறுத்தினேன். சரிசெய்துவிட்டு எட்டிப் பார்த்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவே காலி!

கேட்டுக்கு ஓடினேன். டிபன் கேரியரும் கையுமாகத் திருமானூர் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார் கிளார்க் கலியமூர்த்தி.

"எங்க சார் கெளம்பிட்டீங்க? பத்து நிமிஷ வேலதாங்க!"

"முடிச்சுக்கங்கன்னுச்சு, முடிச்சுட்டோம். திரும்பி வாங்கன்னு அது சொல்லலையே!"

பஸ் போய்விட்டது.

மேனேஜர் என்னைக் கூப்பிடுகிறார். புது வெர்ஷன் பிரமாதம் என்று ஆபீசே சொல்கிறது. பழைய வெர்ஷன் பதிந்த டேப் யாரிடமாவது இருக்கிறதா?