ஏழு நாள் லீவும் ஒரு வெறுங்கட்டமும்

லுணுகலைப் பக்கத்தில் ஓர் அரச வைத்தியசாலையில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்த கடைசி வருடம். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து படித்து வந்த தாதி ஒருத்தி, ஏழு நாள் லீவு கேட்டு என் மேசை முன் நின்றாள். குழந்தைகள் வார்ட்டில் இரண்டு பேர் வேலையை மாதக்கணக்கில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நின்னுக்கிட்டே தூங்கிர்றேன் சேர். பச்சப்புள்ளைங்களுக்கு ஊசி ஏத்தவே பயமா இருக்கு. தூங்கிட்டு வந்துர்றேன்."

விண்ணப்பத்தில் பதிலாள் பெயர் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. பதிலாள் இல்லாததுதான் அவளுடைய நோய் என்று எனக்குத் தெரியும். வெறுங்கட்டமுள்ள விண்ணப்பம் செல்லாது என்றும் தெரியும். திருப்பிக் கொடுத்தேன்.

லீவுக்குப் பதிலாக வேறொன்று வந்திருந்தது. களைத்துப்போன ஊழியர்களுக்கு மனக்கவனப் பயிற்சி. பதுளையில், ஒரு நாள். அதை அறிவித்த திணைக்களச் சுற்றுநிருபத்தின்படி அதுவும் கடமை நாள். இரவுக் கடமை முடிந்த கையோடு அவளை வேனில் ஏற்றினேன். வருகையைச் சரிபார்க்க நானும் போனேன்.

பயிற்றுநர் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னார். ஐந்தாறு மூச்சுக்குள் அவள் தலை பக்கத்துத் தாதியின் தோளில் சாய்ந்தது. சோற்றுப் பார்சல் வந்தும் எழவில்லை. எழுப்ப வேண்டாமென்று பயிற்றுநர் சைகை காட்டினார். நல்ல மனிதர், விதிக்கோவை படித்ததில்லை. கடமையில் தூங்குவது குற்றம். மறுநாளே விளக்கம் கேட்டேன்.

"கண்ண மூடச் சொன்னாங்க சேர், மூடினேன். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"அதையே எழுதித் தாங்க மிஸ்ஸி."

எழுதித் தந்தாள். கோப்பில் சேர்த்தேன். இனி பதவி நிரந்தரமாவது தள்ளிப்போகும் என்று அவளுக்குச் சொன்னதும் நான்தான்.

அடுத்து வந்த திங்கட்கிழமை மருந்து அலுமாரிச் சாவியை ஒப்படைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனவள் திரும்பவில்லை. வராவிட்டால் பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படுவீர் என்று பதிவுத் தபாலில் அறிவித்தேன். லயத்துக் கடிதங்கள் தோட்ட ஆபீசில் கிடந்துதான் போய்ச் சேரும். பதில் தரும் அவகாசமோ கடிதத்தின் திகதியிலிருந்து ஓடும். இரண்டும் எனக்குத் தெரியும். தோட்ட ஆபீசுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். நடைமுறையில் அது இல்லை.

அவகாசம் முடிந்ததும் அவளிடத்தை வெற்றிடம் என்று எழுதினேன். வெற்றிடம் என்றால் மாகாணச் சுகாதாரத் திணைக்களம் ஆள் அனுப்பியாக வேண்டும். மூன்றாம் வாரமே ஒருத்தி வந்து சேர்ந்தாள். அந்தப் பதிலாள் கட்டத்தில் எழுத ஒரு பெயர் அப்போதுதான் கிடைத்தது.